மிளகாயோடு காய்ந்த பேட்டரி

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சல்மானுக்கும் மருமகள் ஹீனாவுக்கும் அம்மா காத்தூன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே உங்கள் இருவரின் உடம்பும் மனசும் தேற வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். குழந்தை தங்கவில்லை என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. போன் பண்ணாதீங்க, என்னால பேச முடியாது என்று அதிலேயே சொல்லியிருந்தாய். பண்ணவில்லை. எத்தனை தடவை போனைக் கையில் எடுத்தேன் எத்தனை தடவை கீழே வைத்தேன் என்று உன் அத்தாவைக் கேள். பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று இன்றைக்குத்தான் தோன்றியது. எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், வரி கோணிக்கொண்டு போகும், பொறுத்துக்கொள். யாரைப் பிடித்து எழுதவைத்தாள் இவள் என்று யோசிக்காதே, நானேதான் எழுதுகிறேன். ஆமாம், தூக்கிப் போடுங்கம்மா என்று நீ சத்தம் போட்டாயே, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அதே மெஷினுக்கு அடியில் காகிதத்தை வைத்துத்தான். கோபப்படாதே, முதலில் முழுசாகப் படி.

அந்த மெஷின் உனக்குப் பழைய சாமான். அங்கே வெளிநாட்டில் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாரோ ஒரு அம்மா வைத்திருந்து, அவர் போய்ச் சேர்ந்ததும் அவர் பிள்ளைகள் உனக்குக் கொடுத்தது. எனக்கு அது அப்படியில்லை சல்மான். சர்க்கரை வந்து என் கண்ணுக்கு நடுவில் புகை மூட்டம் போட்ட பிறகு, எதைப் பார்த்தாலும் ஓரம்தான் தெரிகிறது, பார்க்க வேண்டியது தெரிவதில்லை. இந்த மெஷினில் வைத்தால் மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்து என் உள்ளங்கை அளவுக்கு, கறுப்பில் வெள்ளையாக வந்து நிற்கும். போனிலேயே பெருசு பண்ணிப் பாருங்கம்மா என்பாய். இரண்டு விரலால் விரித்தால் வரி எங்கேயோ ஓடிப்போகிறது, அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் முதல் வார்த்தை மறந்துவிடுகிறது. போன் தானே படிக்கும் என்று ஏதோ செய்து வைத்தாய், நீ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவதை அது படிக்கிற அழகு இருக்கிறதே, பஸ் ஸ்டாண்டில் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்பு செய்கிற மாதிரி, எனக்கு ஒரு எழவும் புரிவதில்லை.

நோன்புக்கு முன்னால் மெஷினின் பேட்டரி பூரி மாதிரி உப்பி, பின்பக்க மூடி தூக்கிக்கொண்டதும், நீ உடனே நிறுத்தச் சொன்னதும் உனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் அந்த பேட்டரி செய்வதையே விட்டுவிட்டான் என்றாய். பிறகு எங்கேயோ ஒன்றைத் தேடிப்பிடித்து உன் சிநேகிதன் பையில் போட்டு அனுப்பினாய், பெட்டிக்குள் பேட்டரி போகக்கூடாது என்று விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். உப்பியதைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வையுங்கள் என்றும் சொன்னாய். உன் அத்தா வெளியேதான் வைத்தார். எங்கே வைத்தார், எதற்கு வைத்தார் என்பதைத்தான் உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, ஏதோ புகைந்தது, கை லேசாகச் சுட்டுக்கொண்டது என்று முடித்துவிட்டோம். இப்போது சொல்கிறேன், கேள். அந்தக் காலத்தில் டார்ச் லைட் செல்லும் ரேடியோ செல்லும் தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் பாட்டுக் கேட்போம் இல்லையா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீயே ஓட்டு மேல் அடுக்கி வைத்திருக்கிறாய். அந்த வைத்தியத்தைத்தான் இதற்கும் பார்த்திருக்கிறார் மனிதர். சூளகிரிப் பக்கத்துக் கம்பெனியில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நானூத்தி நாப்பது வோல்ட்டைப் பார்த்தவன்டீ நான், இந்தப் பொடிசு என்னை என்ன பண்ணும் என்று சொல்லிக்கொண்டே மொட்டை மாடிக்குப் போனார். அங்கே ஊத்தங்கரையில் இருந்து உன் சின்னம்மா அனுப்பிய மிளகாய், ஒரு வருஷத்துப் பொடிக்கானது, பாயில் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில் விழுகிற இடம் அதுதான் என்று பாயின் ஓரத்திலேயே பேட்டரியையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

மதியம் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தேன், மேலே புஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் தெருவே இருமியது. மிளகாய் நெடி சல்மான், சும்மா இல்லை, பேட்டரியின் நாற்றமும் சேர்ந்து தொண்டையைப் பிடுங்கியது. என்னமோ ஏதோ என்று எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு சென்னப்பன் ஏனாயித்து, என்னாச்சு என்று கன்னடமும் தமிழுமாகக் கத்திக்கொண்டே, அவர் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு ஏறி வந்து கொட்டினார், அந்த மனுஷனுக்கு அல்லாஹ் நல்ல ஆயுசைக் கொடுக்கட்டும். அதற்குள் உன் அத்தா செய்த காரியம் என்ன தெரியுமா, எரிகிற பேட்டரியை விட்டு விலகி ஓடாமல், என் மிளகாயைக் காப்பாற்றப் பாயைப் பிடித்து இழுத்திருக்கிறார். வலது கையில் மூன்று விரல் கொப்பளித்துவிட்டது. லேசாக என்று உன்னிடம் சொன்னது இதைத்தான். மிளகாயும் போச்சு, பாயும் போச்சு. மறுநாள் சென்னப்பன் வாசலில் நின்று, ஏன்க்கா, யாருக்கு இவ்ளோ பெரிய திருஷ்டி கழிச்சீங்க, எங்க வீட்டு திருஷ்டியும் சேர்ந்து போயிருக்கும் போல என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. வீட்டுக்குள் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.

நீ மெஷினைத் தூக்கிப் போடச் சொன்னது பேட்டரி எரிந்த அன்றைக்குத்தான். சரி என்று நானும் மெஷினைப் பழைய துப்பட்டாவில் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன், பழைய சாமான்காரர் வந்தால் கொடுத்துவிடலாம் என்று. உன் அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத மனிதரா அவர், சோற்றில் உப்புக் குறைந்தாலே தெருவுக்குக் கேட்கும். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். எனக்கும் அலுத்துவிட்டது தம்பி. எது எந்த மாத்திரை என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும், இது என்ன எழுதியிருக்கு, அது என்ன எழுதியிருக்கு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டுவதும். இனி இப்படித்தான் என்று மனசை வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் உன் செய்தி வந்தது. உன் அத்தா கைக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மாடியில் குடியிருக்கிற யுவஸ்ரீ, போன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கிப் படியேறிக்கொண்டிருந்தாள். கண்ணு, எம்மவன் என்னமோ அனுப்பியிருக்கான், கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா என்று போனைக் கொடுத்தேன். ஹீனாவுக்கு வளைகாப்பு மாதிரி ஏதோ செய்து போட்டோ அனுப்பியிருப்பாய் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டு, சென்னப்பன் வீட்டம்மாவையும் கூப்பிட்டேன், வாங்க வாங்க, மருமக போட்டோ வந்திருக்கும் என்று. யுவஸ்ரீ, அம்மா என்று படித்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். என்ன கண்ணு, சத்தமாப் படி என்றேன். அவள் படித்தாள். அம்மா, குழந்தை இல்லை. ஹீனா நல்லாயிருக்கா. போன் பண்ணாதீங்க, என்னால பேச முடியாது. சல்மான், பெற்ற தாய்க்கு மட்டும் என்று நீ எழுதியதை நான் நடுப்படியில் நின்று இரண்டு பேர் முகத்துக்கு முன்னால் கேட்டேன். அவர்கள் நல்லவர்கள், அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள், நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றிக்கொண்டிருந்தேன். என் பேரப்பிள்ளைக்கு அழக்கூட எனக்கு முறை வரவில்லை.

அத்தா வந்ததும் நான் சொன்னது ஒன்றுதான். பேட்டரி வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆனால் அந்த மெஷினை எனக்கு ஓடவைத்துக் கொடுங்கள், என்ன செய்வீர்களோ தெரியாது என்றேன். (இந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது, இப்போதுதான் வந்தது. திரை அணைந்ததும் பேனாவை எழுதிய இடத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எடுத்தால் இடம் தெரியாது.) யுவஸ்ரீதான் போனில் அந்த மெஷினின் கையேட்டைத் தேடி எடுத்தாள். பேட்டரி இல்லாமல் நேராக பிளக்கில் போட்டும் ஓட்டலாம் என்று அதில் இருந்திருக்கிறது. பேட்டரி பேட்டரி என்று அலைந்தோமே தவிர நாம் யாரும் அதைப் படிக்கவில்லை. கூட வந்த சார்ஜரின் வயர்தான் துப்பட்டாவில் வைத்துக் கட்டியதில் கழுத்தில் பிய்ந்துவிட்டது. உன் அத்தா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனார். பின்னு கரெக்டா உக்காருது பாய், அப்புறம் என்ன என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினாராம். முன்னெல்லாம் என்றால் இவரும் வாங்கி வந்திருப்பார். இந்தத் தடவை வாங்கவில்லை, அதில் இருக்கிற பொடி எழுத்து தெரியாமல் அடுத்த கடைப் பையனை விட்டுப் படிக்கச் சொன்னால் பத்தொன்பது வோல்ட்டாம். நம் மெஷினுக்குப் பன்னிரண்டுதான். போட்டிருந்தால் மெஷின் அன்றைக்கே மௌத்தாகியிருக்கும். மெஷினுக்கு எது சரி என்று படிக்கவே ஒரு மெஷின் வேண்டியிருக்கிறது, இதை என்ன சொல்ல. கடைசியில் நாலாவது கடையில் அதே வோல்ட், ஆம்பியர் குறையாதது, தர முத்திரை போட்டது கிடைத்தது. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று கையேட்டுப் படத்தோடு யுவஸ்ரீ ஒத்துப்பார்த்தாள். அப்படியும் நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொருகினார் நானூத்தி நாப்பது வோல்ட்டைப் பார்த்தவர்.

நீ கேட்கப் போகிறதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். பேட்டரி இருந்த குழி காலி, உள்ளே செம்பு முனைகளுக்கு டேப் ஒட்டி மூடியிருக்கிறது. மெஷின் வெறும் மரமேஜை மேல் இருக்கிறது, மெத்தையிலும் துணியிலும் வைப்பதில்லை. எழுந்தால் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறோம். எரிந்துபோன பேட்டரியை மணலோடு டப்பாவில் போட்டு, பழைய பேட்டரி சேகரிக்கிற இடத்தில் கொடுத்தாயிற்று, குப்பையில் போடவில்லை. கரண்ட் போனால் அணைந்துவிடும், அதற்கு ஒரு பேட்டரி பெட்டி வாங்கி வைக்கலாமா என்று அத்தா கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன். வருகிறவரை உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது. நான் மெஷின் முன்னால் உட்காருகிற நேரமெல்லாம் அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். எதுக்குங்க, போய்ப் படுங்களேன் என்றால், நீ எழுது, நான் பாத்துக்குறேன் என்கிறார். பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், நல்ல கை மட்டும் சுவிட்சில் இருக்கிறது. அதனால் இதைத் தூக்கிப் போடச் சொல்லாதே சல்மான். உன் அத்தாவை என்னால் இன்னொரு தடவை அப்படிப் பேச்சில்லாமல் பார்க்க முடியாது.

மெஷின் ஓடியதும் முதலில் என்ன படித்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். போனை அதற்கு அடியில் வைத்து, நீ அனுப்பிய மூன்று வரியை எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்தேன். அப்போதுதான் அழுதேன். இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று நீ அடித்திருந்தது திரை முழுக்க நின்றது.

ஹீனாவை நாற்பது நாளைக்குப் பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடாதே, அங்கே குளிர் வேறு. பூண்டும் மிளகும் போட்டு ரசம் வைத்துக்கொடு, உனக்கு வைக்கத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்காதே. அவள் பேசவில்லை என்றால் பேச வைக்காதே, பக்கத்தில் இரு. நீயும் வேளைக்குச் சாப்பிடு. டியூட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு துக்கத்தை மறந்துவிடலாம் என்று நினைக்காதே, உன் அத்தா ரகம்தானே நீயும். அல்லாஹ் உங்கள் இருவர் நெஞ்சிலும் பொறுமையை இறக்கட்டும், இழந்ததை விடச் சிறந்ததைத் தரட்டும், என் பிள்ளைகளை ஒருவருக்கு ஒருவர் நிழலாக வைக்கட்டும், ஆமீன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறக்காமல் செய். வயிற்றில் நாலு மாதம் தாண்டிய பிள்ளைக்குப் பெயர் வைத்து அடக்கம் செய்வது நம் வழக்கம், நீங்களும் வைத்திருப்பீர்கள். அதைப் போனில் சொல்லாதே, போனில் அடித்தும் அனுப்பாதே. ஹீனா கையால் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பச் சொல், கறுப்புப் பேனாவில், எவ்வளவு சின்னதாக எழுதினாலும் பரவாயில்லை, நான் பெரிதாக்கிக்கொள்வேன். என் பேரப்பிள்ளையின் பெயரை நான்தான் முதலில் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. காத்தூன்