வயிற்றுவலிச் சீட்டு

ஜூலை 8, செவ்வாய்

விடிந்தது முதல் சாரல். குடையில் ஒரு கம்பி ஒடிந்தது. நாகர்கோவிலில் பயிற்சி, முதல் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிப்பது எப்படி என்று. டாக்டர், நர்ஸ் எல்லாரும் உண்டு. மருந்தாளுநர் என்ற முறையில் அடியேனும். நான் இதுவரை ஊற்றிக் கொடுத்த சிரப்பை ஒரே இடத்தில் விட்டிருந்தால் எங்கள் இராஜாக்கமங்கலத்துக்கு இன்னொரு கடல் கிடைத்திருக்கும். எனக்கா பயிற்சி?

கற்றவை:
1. அடிக்கடி வயிற்றுவலி என்று வரும் பிள்ளைக்கு, பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால், மனசிலும் காரணம் இருக்கலாம்.
2. "ஒண்ணுமில்ல, போ" கூடாது.
3. தனியாக வைத்துக் கேட்க வேண்டும். கேட்டபின் நம் வாயை மூட வேண்டும்.

மூன்றாவது பாடம் மனிதனால் ஆகிற காரியமா? நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் பிள்ளை, எங்கள் நிலையத்து கிரிஜா சிஸ்டர் டாக்டர். அவர் கேட்கும் முன்பே ஏழு வியாதி சொல்லிவிட்டேன்.

"சாரே, பிள்ளையா இரிங்க. வக்கீலா இருக்காண்டாம்."

அறையே சிரித்தது. திரும்பும் பஸ்ஸில் ஜெஸ்லின் நினைவு. தங்கை ஸ்டெல்லாவின் மகள், நாலாம் வகுப்பு. ஒரு மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்கு விடுமுறை. டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார், ஒன்றுமில்லை. நானும் சிரப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐயோ.

ஜூலை 9, புதன்

வெயில். மதியத்துக்கு முன் 'இரகசியம் காத்தல்' வகுப்பு. பக்கத்து அறையில் அவியல் இறக்கினார்கள். அந்த வாசம் கன்னியாகுமரிக் கடலையே மூன்று அடி உள்வாங்க வைக்கும், நான் எம்மாத்திரம். குறிப்பேட்டில் இருப்பது: "பிள்ளை சொன்னதை, ஆபத்து இல்லாதபோது, அதனிடம் கேட்காமல்..." அதற்குப் பின் ஒரு நீளக் கோடு. கோட்டுக்கு என்ன பொருள்? தெரியவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா வீடு. ஜெஸ்லினைத் தனியாகக் கோழிக்கூட்டுப் பக்கம் கூட்டிப் போனேன். கேட்டேன். வாயை மூடினேன். நான்கு யுகம் கழிந்தது. கோழிகளே கலவரப்பட்டன.

"மாமாவுக்கு சொகமில்லியா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மக்ளே. நீ சொல்லு."

சொன்னாள். "அம்மா போன்ல பாஸ்போர்ட்டு பத்தி பேசுனா. நான் ஸ்கூலுக்கு போன நேரம் பாத்து அவளும் அப்பாட்ட குவைத்துக்கு போயிருவாளோன்னு பேடியா இருக்கு. அப்பம் வயறு நோவும்."

வேடிக்கை எதுவும் சொல்லாமல் தலையைத் தடவிக் கொடுத்தேன். என் சரித்திரத்தில் முதல் முறை.

நேரே அடுக்களை. ஸ்டெல்லாவிடம் வெற்றி முரசு கொட்டினேன், நோயைக் கண்டுபிடித்த மகாவைத்தியனாக. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அண்ணா, இன்டர்வியூ முடிஞ்சாச்சு. அங்க ஆஸ்பத்திரியில நர்ஸ் வேல. விசா வந்த பெறகு சொல்லலாம்னு இருந்தேன். அவளுட்ட சொல்லீராதிங்க."

ஆக, பிள்ளையின் பயம் உண்மை. இப்போது என்னிடம் இரண்டு இரகசியம், ஒரு வாய். நான் செய்தது சரியா?

ஜூலை 10, வியாழன்

கடைசி நாள். சான்றிதழ், குரூப் போட்டோ. என் தலை பாதி.
வாங்க: நேந்திரங்காய் சிப்ஸ், கொசுவத்தி.
கேஸ் சிலிண்டர் பதிய.
கோட்டுக்கு என்ன பொருள் என்று கிரிஜா சிஸ்டரிடம் கேட்க. (மறந்தேன்.)

ஜூலை 13, ஞாயிறு

வானம் மூடாக்கு. கோயிலில் பிரசங்கத்துக்கு முன் ஜெப விண்ணப்பச் சீட்டுகளைப் போதகர் வாசித்தார். முழங்கால் வலி, மகனுக்கு வேலை, கிணற்றில் தண்ணீர். அடுத்து:

"சகோதரி ஸ்டெல்லாவுக்குக் குவைத் விசா தடையில்லாமல் கிடைக்கவும், தாயைப் பிரியப் பயந்து வயிற்றுவலியில் வாடும் மகள் ஜெஸ்லினுக்குத் தைரியம் உண்டாகவும்."

சபை முழுவதும் "ஆமென்."

ஜெஸ்லின் திரும்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வாசலில் ஸ்டெல்லா அழுகை. "பெண்கள் சங்கத்துல நாலு பேரு ஜெபிக்கட்டும்னுதான் எழுதிக் குடுத்தேன். செயலாளர் அக்கா அத சபையில குடுப்பாவன்னு கண்டனா?" அக்காவும் நல்ல மனசோடுதான் கொடுத்திருக்கிறார். நாலு பேர் ஜெபத்தைவிட நானூறு பேர் ஜெபம் பெரிதல்லவா. யாரைத் திட்ட? சங்கிலியின் முதல் கண்ணி நான்.

ஓய்வுநாள் வேதப்பள்ளியில் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி: "ஏட்டி ஜெஸ்லி, வயறு நோவு கொறஞ்சா?" கூடச் சிரிப்பு. நான் குட்டிக்கரணம் தவிர எல்லா வித்தையும் காட்டினேன். ஜெஸ்லின் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போயும் சாப்பிடவில்லை.

கிரிஜா சிஸ்டருக்குப் போன். நடந்ததைச் சொல்லி, கோடு விழுந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

"அதனிடம் கேட்காமல் வெளிய சொல்லக்கூடாது. அதாக்கும் சாரே அந்த வகுப்பு. வீட்டாட்ட சொல்லணும்னாலும் பிள்ளைக்குத் தெரிஞ்சுதான் சொல்லணும்."

"இனி என்ன செய்ய?"

"மன்னிப்பு கேளுங்க. வெளக்கம் சொல்லாண்டாம்."

ஜூலை 14, திங்கள்

மறுபடி சாரல். அரைநாள் லீவு. காலை ஏழு மணிக்கு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். ஜெஸ்லின் கட்டிலில், யூனிபாரத்தோடு, சுருண்டு.

"மக்ளே, நீ எனக்கிட்ட சொன்னத ஒன்ட்ட கேக்காம அம்மாட்ட சொல்லிட்டேன். தப்பு."

தயாராக வைத்திருந்த பதினெட்டு விளக்கங்களையும் விழுங்கினேன். பாறாங்கல் போல இறங்கின.

ஜெஸ்லின் தலையைத் தூக்கினாள்: "அம்மா நெசமா போறாளா?"

பதில் தெரியும். ஆனால் அது என்னுடையதா? பயிற்சியில் இதற்கு என்ன சொன்னார்கள்? ஒன்றும் ஞாபகமில்லை.

"அத அம்மாதான் சொல்லணும். கூப்பிடட்டுமா? நீ சொன்னாதான் கூப்பிடுவேன்."

எழுந்து உட்கார்ந்தாள். "கூப்பிடுங்க. நீங்களும் இரிங்க. ஆனா பேசாண்டாம்."

ஸ்டெல்லா தோசைச் சட்டுவத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். நீயே சொல்லேன் என்பது போல என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பல்லி இருந்தது.

"போறேன் மக்ளே. என்னைக்குன்னு தெரியல்ல. தெரிஞ்சா மொதல்ல ஒன்ட்டதான் சொல்லுவேன்."

"நான் ஸ்கூல்ல இருக்கும்பம் போமாட்டியே?"

"மாட்டேன்."

"இன்னைக்கு இல்லல்லா?"

"இன்னைக்கு இல்ல."

அழுதாள். நன்றாக அழுதாள். சரியாகிவிட்டதா, கெட்டுவிட்டதா, எனக்கு விளங்கவில்லை. ரோட்டில் பள்ளி வேனின் ஹாரன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் காலை நீட்டினாள். "மாமா, ஷூ போட்டுத் தாங்க. வேன் போயிரும்."

போட்டுவிட்டேன். வலது காலில் இடது ஷூ. அவளே கழற்றி மாற்றிக்கொண்டாள்.