சிவப்பு நூலில் ஒரு முடிச்சு

மச்சான்,

இனி நான் மட்டும்தானே ஓட்டப்போகிறேன், நம் பழைய மலைப்பாதை பைக்கை என் நோஞ்சான் உடம்புக்குச் சரிசெய்யலாமென்று இன்று டூல் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனரோடு சேர்ந்து உன் தறியின் சிவப்புப் பட்டு நூலும் வந்தது. கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கிறது. முடிச்சு மட்டும் அப்படியே.

உலகத்துக்கு அளவு நாடா போதும். ஆரணியின் ஸ்பிரிங் சக்கரவர்த்திகளான நமக்குப் பட்டு நூல்தான் வேண்டும். நீ வண்டிமேல் உட்காருவாய். சீட்டுக்கடி போல்ட்டிலிருந்து பின்சக்கர அச்சுவரை நான் நூல் பிடிப்பேன். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் சரியாக அமுங்கினால் முடிச்சு அச்சைத் தொடும். நீ உட்கார்ந்தபோது வண்டி மட்டுமா அமுங்கியது? ஆரணியே அரை அங்குலம் இறங்கி, கண்ணமங்கலத்தில் டீ கிளாஸ்கள் ஆடின.

போன ஆடியில் ஒருநாள் முடிச்சு ஒரு விரல் மேலேயே நின்றுவிட்டது.

"ஸ்பிரிங் விறைச்சிகினு கீது மச்சான்."

"வயசாச்சில்ல? லூஸ் பண்ணு, ஜல்தி."

ஒரு படி தளர்த்தினேன், தொட்டது. அடுத்த மாதம் மறுபடி ஒரு விரல். மறுபடி தளர்த்தினேன். மூன்றாவது முறை, "நமக்கு நரைக்குது, இதுக்கு மட்டும் இன்னாடா வாலிபம் திரும்புது?" என்று கத்தினேன். பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டையைச் சட்டையால் மூடிக்கொண்டு நீ சிரித்தாய்.

பழைய ஸ்பிரிங் தளருமே தவிர விறைக்காது. பஞ்சர் ஒட்டுகிறவனுக்கும் இது தெரியும். சக்கரவர்த்திக்குத் தோன்றவில்லை. இளைத்துக்கொண்டிருந்தது நீ.

காரியம் முடிந்த பிறகுதான் உன் வீட்டம்மா சொன்னார்கள்: "வேலூர் டாக்டரு ஆடிக்கு முன்னாலயே சொல்லிட்டாருண்ணா. நீங்க நூல் புடிக்கிற அன்னிக்கு மட்டும்தான் இவரு சிரிச்சிகினு வருவாரு. அதைக் கெடுக்கவாணாம்னு உங்ககிட்ட சொல்லவுடல."

உன்னை முழங்கால் போட்டு அளந்தவன் நான். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் இரும்பின்மேல் பழி போட்டேன்.

இன்று ஸ்பேனரை மாட்டினேன். என் எடைக்குத் தளர்த்தவில்லை. அந்த மூன்று படிகளையும் திரும்ப இறுக்கினேன். பிறகு சந்தவாசல் வரை ஓட்டிப் போனேன். வண்டி இம்மிகூட அமுங்கவில்லை. ஒவ்வொரு பள்ளமும் என் முதுகெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. நூல் சட்டைப் பையில் இருந்தது.

எண்ணட்டும். நீ முழுசாக இருந்தபோது வைத்த அளவு அது. இனி ஒரு படிகூடத் தளர்த்த மாட்டேன், மச்சான்.