ஆள்காட்டி கத்துகிற இடம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று வழக்கம்போல் கேட்க இந்த முறை மனம் வரவில்லை. போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை, அதனால்தான் கடிதம். தடித்த பேனாவால், கறுப்பு மையில், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வெயில் வெளிச்சத்தில் வைத்து, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். தீவு முகாம் சமையல்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். இது நமக்குள் பேச வேண்டியது.

பெரியவளுக்கு வீட்டுக்குப் பக்கத்து அலுவலகத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வந்தார், பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார்.

நேற்று அலமாரியை ஒழித்தபோது அந்தக் குடை அகப்பட்டது. கல்யாணமான புதிதில், "உனக்குப் பிடிச்ச பச்சை" என்று பெருமையாக வாங்கி வந்தீர்களே, செங்கல் நிறத்தில். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவர் சிரிச்சாரு, நல்ல மனுஷன்னு நானும் சிரிச்சேன்" என்றீர்கள். அந்த மழைக்காலம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். யார் கேட்டாலும் பச்சைக் குடை என்றே சொன்னேன். நேற்று அதை விரித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். சின்னவள் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

பறவைக் கணக்கெடுப்புக்கு முதன்முதலில் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத ஆளைப் போய்ப் பறவை பார்க்க அனுப்பியிருக்கிறார்களே என்று முதலில் சிரித்தவள் நான்தான். ஆற்றோரக் கூழாங்கல் மேட்டில் எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். "நில்லுங்க, தூக்கின காலைக் கீழ வைக்காதீங்க" என்றீர்கள். கொக்குமாதிரி நின்றேன். கீழே காய்ந்த சருகு தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நிறத்தை விடுங்க. அது நம்மளை ஏமாத்தத்தான் இருக்கு. ஓரத்தையும் நிழலையும் பாருங்க" என்றீர்கள். அப்புறம்தான் சருகுக்கு ஒரு கண் இருப்பது தெரிந்தது. பக்கிக் குருவி. பெரிய கண் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, பகலில் அதைக் கீற்றாக மூடிக்கொண்டு முட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் பழுப்பும் சாம்பலும் எங்கள் எல்லாருடைய கண்ணையும் கட்டிவிட்டன, உங்கள் கண்ணைத் தவிர. அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றபோதே நான் உங்களுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். நீங்கள்தான் கேட்கத் தாமதித்தீர்கள்.

ஆனால் ஆள்காட்டிக் குருவி விஷயத்தில் ஜெயித்தது நான். அது எங்கே கத்துகிறதோ அங்கேயே நீங்கள் முட்டையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். அது முட்டையை விட்டுச் சத்தமில்லாமல் எழுந்து, குனிந்து ஓடி, வெகுதூரம் போன பிறகுதான் தொண்டையைத் திறக்கும் என்று நான் பாறைமேல் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தேன். சத்தம் வரும் இடத்தில் முட்டை இருக்காது. அன்று சாயங்காலம் டீக்கடையில் என்னை எல்லாரும் மேடம் என்று கூப்பிட்டார்கள்.

இந்தச் சாமர்த்தியம் உங்களிடமே பயன்படும் என்று நான் நினைக்கவில்லை.

கொஞ்ச காலமாகப் போனில் ஓயாமல் பேசுகிறீர்கள். கூரை ஒழுகுவது, சூப்பில் உப்பு அதிகமானது, படகுக்காரருக்கும் அவர் மச்சானுக்கும் சண்டை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் குரல் இன்னும் ஏறுகிறது. போன மாதம் ஒரு படம் அனுப்பி, "ரெண்டு முட்டை, பாத்தியா?" என்று கேட்டீர்கள். பார்த்தேன். இரண்டு கல். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கல்தான். அழகாக இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் வீடியோவில் வந்தபோது கோழிபோல் தலையைச் சாய்த்து, என் முகத்தை விட்டுக் காதைப் பார்த்துப் பேசினீர்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. உங்களோடு இத்தனை வருஷம் பொட்டல் வெளியில் அலைந்தவள் நான், என்னிடமே மறைக்கலாம் என்று எப்படித் தோன்றியது?

கண் மருத்துவரிடம் போனேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். நடுப்பார்வை மங்கினவர்கள்தான் இப்படி ஓரத்தால் பார்ப்பார்கள் என்றார். நேரில் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் சீக்கிரம் வந்தால் மிச்சத்தைக் காப்பாற்ற வழி இருக்கலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும் என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் அழுதேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தார்.

ஏன் மறைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கண்ணை நம்பித்தான் அந்தத் தீவில் மற்றவர்கள் முட்டையை மிதிக்காமல் அடியெடுத்து வைக்கிறார்கள். அது போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் நான் யார் என்று உங்களுக்குப் பயம். எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். நிறையவே இருக்கிறது. பக்கி கண்ணை மூடுவது பிழைக்க. நீங்கள் இருக்கிற பார்வையையும் தொலைத்துவிட்டு எதைக் காப்பாற்றப் போகிறீர்கள்? இனிமேல் ஒரு முட்டைகூடக் கண்டுபிடிக்காவிட்டாலும் இந்த வீட்டில் உங்கள் நாற்காலி உங்களுக்குத்தான். அதில் யாரும் உட்காருவதுகூட இல்லை.

அடுத்த வாரக் கடைசிப் படகில் நான் வருகிறேன். உங்களைக் கூட்டிக்கொண்டு மறுநாளே திரும்ப வேண்டும். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். குழுத் தலைவரிடம் குடும்ப விஷயம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மற்றதை நீங்களே, உங்கள் வாயால், உங்களுக்குத் தோன்றும்போது சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். படகில் நிறையப் பேர் இறங்குவார்கள். என்னை அடையாளம் தெரிந்ததுபோல் வேறு யாரையோ பார்த்துக் கையை ஆட்டாதீர்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. துறையில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். நான் குரல் கொடுத்துக்கொண்டே வருகிறேன்.

என்றும்,
உங்கள் சிடுமூஞ்சி