ஒரு குறையும் இல்லீங்க

அக்கா,

இன்று காலை புதுப் படிவக் கட்டை வைக்கப் பையைத் திறந்தேன். வெள்ளத்தில் கலந்து வந்த சாயப்பட்டறைத் தண்ணி நாற்றம் குப்பென்று வந்தது. மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்த பை. உங்களைத் தேடி அந்தத் தண்ணீருக்குள் இறங்கியபோது தோளில் கிடந்தது. ஆனால் பையைவிடப் படிவம்தான் குமட்டியது. அதே கேள்விகள், அதே கட்டங்கள். வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் ஆள் போக வேண்டும் என்று மதிப்பெண் போடும் கணக்கெடுப்பாம். த்தூ!

போன தடவை இதே படிவத்தோடு நொய்யல் ஆற்றங்கரையில் உங்கள் லைன் வீட்டுக்கு வந்தேனே! பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஆறு வருடம் உங்கள் பக்கத்தில் நின்றவள், கழுத்தில் அட்டையோடு வாசலில் நின்றேன். "ஆபீசரம்மா வந்துட்டாங்க, வாங்க வாங்க" என்று கேலி செய்தீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் டீ வைத்தீர்கள். நின்று நின்றே தேய்ந்த முட்டி. இரண்டு படி ஏறவே பக்கத்து அறை ஒடிசாப் பெண்ணைக் கூப்பிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் படிவத்தில் உள்ளபடி கேட்டேன். "ஊட்டுல நடமாட முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களாக்கா?"

"ஒரு குறையும் இல்லீங்க. முருகன் நல்லா வெச்சிருக்காரு. டீ ஆறுது, குடி கண்ணு."

வந்தவரிடம் நம் ஊரில் யார் குறை சொல்வார்கள்? சோறாக்காத வீட்டிலும் "சாப்டாச்சுங்க" என்றுதான் பதில் வரும். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். தெரிந்தும் 'இல்லை' என்று கோடு போட்டேன். கான்கிரீட் கூரை, ஃப்ரிட்ஜ், சம்பாதிக்கும் மகன். ஆபத்து குறைவு. அன்றைக்கு இன்னும் நிறைய வீடு பாக்கி இருந்தது.

ஆறு கரை புரண்டபோது நல்ல பகல். மகன் பெருமாநல்லூரில் ஷிப்டில் இருந்தான். அந்த ஒடிசாப் பெண்ணும் வேலைக்குப் போயிருந்தாள். மீட்க வந்தவர்கள் எங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு, ஆபத்து அதிகமென்று நாங்கள் எழுதிய தெருக்களுக்கு முதலில் போனார்கள். உங்கள் வீட்டு வரிசைக்கு வரும்போது சாயங்காலம். நீங்கள் கட்டில்மேல் ஏறியிருக்கிறீர்கள். தண்ணீர் அதற்கும் மேலே வந்துவிட்டது.

ஆபீசில் போய்க் கத்தினேன். மேற்பார்வையாளர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "டேட்டா கரெக்டாத்தானுங்க இருக்குது. அவங்களேதான் இல்லைன்னு சொல்லியிருக்காங்க, பாருங்க."

செத்தவர் தலையிலேயே பழி! அந்த ஆள் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. கோடு போட்டது என் கை. அந்தக் கையால் சோறு பிசையவே பல நாள் அருவருப்பாக இருந்தது.

இன்று மங்கலம் பக்கம் முதல் வீடு. உங்கள் வயதில் ஓர் அம்மா. அதே சிரிப்பு, அதே "ஒரு குறையும் இல்லீங்க."

பேனாவை மூடினேன். "சரிங்கம்மா. ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, வெட்கமில்லாமல் அவர் காலையே பார்த்தேன். சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார். 'உண்டு' என்று எழுதினேன்.

இனி எல்லா வீட்டிலும் தண்ணீர் கேட்பேன், அக்கா. தாகமில்லாவிட்டாலும் குடிப்பேன்.