கண்ணாடிக்குள்ளை நிக்கிற தோடங்கன்றுகள்

போர்கோ வெக்கியோ, பலெர்மோ
30.12.2018

அன்பு மகள் வேணுகாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன்னை மாதா பாத்துக்கொள்ளட்டும். போனிலை கதைச்சா நீயும் நானும் கத்திறதிலைதான் முடியுது. அதாலை பேப்பரிலை எழுதி, படமெடுத்து அனுப்புறன். பேப்பர் கத்தாது.

நத்தார்ப் பெருநாளுக்கு நீ வரேல்லை. அமெரிக்க அரசாங்கம் பூட்டிப்போட்டுது, படிப்புக்கு வளக்கிற தோடங்கன்றுகளை விட்டிட்டு வர ஏலாது எண்டாய். அரசாங்கம் என்ன, என்ரை கடையோ இழுத்துப் பூட்ட? பெரியப்பா வன்னியிலை வாத்தியாரா இருக்கேக்கை, ஷெல் விழுந்த காலத்திலையும் கொழும்பிலையிருந்து சம்பளம் வந்தது. அங்கை மேலிடத்திலை, எல்லையிலை மதில் கட்டுறதெண்டு சண்டை பிடிச்சா, பல்கலைக்கழகத்துக் கன்றுக்கு ஏன் தண்ணி இல்லை? எனக்கு விளங்கிறமாதிரி எழுது.

இன்னொண்டு. தில்லையம்பலம் கடையைக் கேக்கிறான், நல்ல விலையும் சொல்லுறான். என்ரை முழங்கால் இனி அரிசி மூட்டைக்கு ஏலாது. மகள் படிப்பு முடிச்சு வந்து பொறுப்பெடுப்பாள் எண்டு அவனை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். ஜனவரி முடியமுதல் மறுமொழி சொல்லோணும். வாறியோ, இல்லையோ?

அன்புடன் அப்பா
சூசைப்பிள்ளை


புளோரிடா
05.01.2019

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சது. படத்தின்ரை மூலையிலை உங்கடை மிளகாய்த்தூள் விரலும் விழுந்திருக்கு.

பல்கலைக்கழகம் பூட்டேல்லை அப்பா. பெடியள் கோப்பியும் கையுமா வகுப்புக்குப் போகினம். நான் வேலை செய்யிற கண்ணாடி வீடுதான் பூட்டு. அது எங்கடை வளவுக்குள்ளை நிண்டாலும் மத்திய அரசாங்கத்தின்ரை. என்ரை அட்டையைக் காட்டினால் சிவப்பு லைட் எரியுது. அதுக்குப் பொறுப்பான மிஸ்டர் வோல்டர் சம்பளமில்லாமல் வீட்டை இருக்கிறார். சும்மா வந்து தண்ணி ஊத்தவும் சட்டம் விடாது. ஊத்தினால் வேலை போகும்.

மூண்டு வருசமா வளத்த தோடங்கன்றுகள், இஞ்சத்தை ஒரேஞ்ச் மரத்தின்ரை கன்றுகள். எந்தக் கன்றிலை நோய் தொத்தாது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் என்ரை படிப்பே. அதுகள் செத்தால் படிப்பும் போச்சு. ஒவ்வொருநாளும் வெளியிலை நிண்டு, கண்ணாடியிலை நெத்தியை வைச்சுப் பாக்கிறன். இலை சுருளத் தொடங்கீட்டுது. கல்லெடுத்து எறிவமோ எண்டும் யோசிச்சன்.

கடையைப் பற்றி இப்ப கேக்காதேங்கோ.

உங்கள் வேணு


பலெர்மோ
07.01.2019

அன்பு மகளுக்கு,

கல்லிலை கை வைக்காதை. வேலைநிறுத்தமெண்டு இஞ்சை சந்தை பூட்டினால் நான் என்ன செய்யிறனான்? கதவை முழங்காலளவுக்கு இழுத்து விட்டிட்டு, குனிஞ்சு வாற சனத்துக்கு விக்கிறனான். எந்தக் கதவுக்கும் ஒரு ஆள் இருக்கும். அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும். சாமான் பெட்டி அனுப்பினால் அந்த வீட்டுக்குத்தான் போகோணும், அவர் வேலை செய்யிற கந்தோருக்கு இல்லை.

போன வருசம் நான் அனுப்பின தேயிலைக்கு மிஸ்டர் வோல்டரின்ரை மனிசி நன்றி எழுதி அனுப்பின தபால்மட்டையிலை விலாசம் இருந்தது. அரிசி, நெத்தலிக் கருவாடு, மிளகாய்த்தூள், ஒரு போத்தல் சாராயம், எல்லாம் பெட்டியிலை அடுக்கினன். கடையிலை காசு வாங்கிப் போடுற பீலிக்ஸைக் கொண்டு இங்கிலிசிலை கடிதமும் எழுதுவிச்சு வைச்சன்: 'என்ரை மகளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கோ.' விரைவுத் தபாலிலை இண்டைக்குப் போட்டாச்சு.

அம்மா மலையேறிப்போய் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு உன்ரை கன்றுகளுக்காக மெழுகுதிரி கொளுத்தினவ. அவ அவவின்ரை வழி, நான் என்ரை வழி.

அப்பா


புளோரிடா
20.01.2019

அப்பா,

உங்கடை பெட்டி வந்தது. மிஸ்டர் வோல்டர் அதைத் தூக்கிக்கொண்டு என்ரை வாசலிலை வந்து நிண்டார். "உன்ரை அப்பா என்னை வாங்கப் பாக்கிறாரோ?" எண்டு கேட்டார். கந்தோர் திறந்தவுடனை இதை மேலதிகாரிக்குச் சொல்லத்தான் வேணுமாம். என்ரை பேரும் வருமாம். எனக்கு நிலம் பிளக்காதோ எண்டு இருந்தது.

ஆள் நல்லா மெலிஞ்சுபோனார். இப்ப வீடுவீடாச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை செய்யிறாராம். வந்தவரை வெறும் வயித்தோடை அனுப்ப மனமில்லாமல், சோறும் அந்த நெத்தலிக் குழம்பும் வைச்சன். பெட்டியை எடுக்க ஏலாதாம், மேசையிலை இருந்து சாப்பிடலாமாம். உறைப்பிலை மூக்கு வடிய வடிய ரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டார். கதவைப் பற்றி ரண்டுபேரும் கதைக்கேல்லை.

கன்றுகள் போயிட்டுது அப்பா. குழாய் ஒழுகிற மூலையிலை மட்டும் கொஞ்சம் பச்சை தெரியுது. அது படிப்பை முடிக்கக் காணாது. நான் களைச்சுப்போனன். இன்னும் மூண்டு வருசம் முதலிலையிருந்து தொடங்க என்னாலை ஏலாது. தில்லையம்பலம் மாமாவுக்கு இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் வாறன். கடையிலை நிக்கிறன்.

வேணு


பலெர்மோ
26.01.2019

அன்பு மகள் வேணுகாவுக்கு,

பெட்டி என்ரை பிழை. மகளைக் கேளாமல் நான்தான் அனுப்பினனான் எண்டு எழுதி, கையெழுத்து வைச்சு மிஸ்டர் வோல்டருக்கு அனுப்பியிருக்கிறன். கந்தோரிலை அதைக் காட்டட்டும். இந்தமுறை தேயிலைகூட வைக்கேல்லை.

நான் மரக்கறி வாங்கப் போறது சந்தை கலையிற நேரம் பாத்து. உனக்குத் தெரியும், சின்னனிலை கூடையோடை என்னோடை வந்தனீ. காலமை விலை கேட்டால் மூஞ்சையைத் திருப்பினவன், பின்னேரம் கால் உளைவிலை, என்ன விலையெண்டாலும் கொண்டுபோ எண்டுவான். அப்பிடி வாங்கித்தான் கடையைக் கட்டினனான். அதிலை எனக்கு வெக்கமில்லை.

உன்ரை கடிதத்தை வாசிச்சிட்டு ஒருநாள் முழுக்கச் சந்தோசமா இருந்தன். வந்த சனத்துக்கெல்லாம் "மகள் வாறாள்" எண்டு சொன்னன். அடுத்தநாள் திருப்பி வாசிச்சன். அந்தப் பின்னேரத்து வியாபாரி கதைக்கிறமாதிரிக் கிடந்தது. உன்னட்டை அந்த நேரம் பாத்து வாங்க எனக்கு மனம் வரேல்லை.

நேற்றுக் கடையைத் தில்லையம்பலத்துக்கு வித்து, திறப்பையும் அவன்ரை கையிலை குடுத்திட்டன். அம்மா என்னோடை கதைக்கிறேல்லை. நீயும் கோவிப்பாய். போனெடுத்துக் கத்து, கேக்கிறன். வீட்டுக்கு எப்பவும் வா. நிக்கிறதுக்குக் கடைதான் இல்லை. 'வேணுகா ஸ்டோர்ஸ்' பலகையை மட்டும் அவனுக்குக் குடுக்கேல்லை. கழட்டிக்கொண்டு வந்து அலுமாரிக்குப் பின்னாலை சாத்தியிருக்கிறன்.

இண்டைக்குக் காலமை கோப்பி குடிக்கிற பாரிலை டிவியிலை சொன்னாங்கள், அங்கை அரசாங்கம் திறந்திட்டுதாம். திங்கட்கிழமை விடியவே போய் வாசலிலை நில். அந்த மூலையிலை நிக்கிற பச்சைக்கு முதல் தண்ணி ஊத்து. எனக்குக் கடிதம் பிறகு எழுதலாம்.

அப்பா