இனிப்பு பிடிக்காத கரப்பான்கள்

இன்று காலை கேன்டீனுக்குப் புதிதாக ஒருவன் கரப்பான் மருந்து வைக்க வந்தான். அடுப்பு மேடைக்குப் பின்னால் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டே போனான். அந்தத் தித்திப்பு வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

ஒரகடத்தில் இந்த கேன்டீனுக்கு நான் சூப்பர்வைசராக வந்த நாளிலிருந்து, பதினைந்து நாளுக்கொரு முறை மண்ணூரிலிருந்து வந்து மருந்து வைத்தவன் நீ. முதலில் நன்றாக வேலை செய்த அந்த இனிப்பு மருந்தைப் பிறகு ஒரு கரப்பானும் தொடவில்லை. "அதுங்களுக்கு விவரம் வந்துடுச்சுடா" என்றேன். எப்படி அலுத்துக்கொண்டாய்.

"கரப்பானுக்கு இன்னாக்கா விவரம்? இனிப்பு புடிச்சதெல்லாம் துன்னுட்டு செத்துச்சு. எங்கியோ ஒண்ணு ரெண்டுக்குப் பொறக்கும்போதே இனிப்பு ஆவாது. அது பொழச்சிகினு முட்ட போட்டுச்சு. இப்ப ஓடறதெல்லாம் அதுங்க புள்ளைங்க. எதுவும் கத்துக்கல. சாவாததுதான் மிச்சம் கீது."

இன்னொரு நாள், தெளிக்கிற மருந்தில் கூடுதலாகத் தண்ணீர் கலக்கச் சொன்ன மேனேஜரிடமே சண்டைக்குப் போனாய். "அரகொறயா அடிச்சா, தாங்கறத மட்டும் நாமளே வளர்த்து வுடறோம் சார்." அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது.

இவ்வளவு தெரிந்த நீ, டிபி மாத்திரையை மூன்றாம் மாதத்தில் நிறுத்தினாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆறு மாதம் விடாமல் சாப்பிடச் சொல்லிக் கொடுத்த மாத்திரை. வயிற்றைப் புரட்டுகிறது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, வாங்கப் போனால் அரை நாள் வேலை கெடுகிறது என்று ஆயிரம் காரணம். இருமல் நின்றதும் நீயும் நிறுத்தினாய். அது திரும்பி வந்தபோது பழைய மாத்திரை எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். பலவீனமான கிருமிகள் முதலில் செத்துவிட்டன, மருந்தைத் தாங்கியவை தப்பித்துப் பெருகிவிட்டன என்றார். நீ மாஸ்க்குக்குள் சிரித்தாய். "என் பாடத்த எனக்கே எடுக்கறாருக்கா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கோடையைக்கூட நீ பார்க்கவில்லை.

இப்போது இங்கே பாத்திரம் கழுவும் ஒடிசாப் பெண் ஒருத்திக்கு அதே வியாதி. வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லித்தான் வந்திருக்கிறாள். தினமும் காலையில் என் எதிரில் நின்றுதான் மாத்திரை விழுங்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டவும் சொல்கிறேன். நேற்று, "அக்கா, இருமல் இல்லை. போதுமா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பயந்துபோய் ஒரே மடக்கில் விழுங்கினாள்.

நீயும் இதையேதான் கேட்டாய். இதே மேடையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டு, "இருமல் நின்னுபோச்சுக்கா, மாத்திரைய வுட்டுடவா?" என்று. நான் உன் முகத்தைப் பார்த்து, "ஆமாண்டா, உடம்பு நல்லா தேறிடுச்சு" என்று சொல்லி, உன் தட்டில் இன்னொரு வடை வைத்தேன்.