மெட்டி தெரிகிற படங்கள்

என்மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் கோபப்படாமலே போய்விட்ட அண்ணிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். இந்த ஐப்பசியில் குன்னம் பக்கம் மழை நேரத்துக்கு வந்தது. அண்ணன் வழக்கம்போல சின்ன வெங்காயம்தான் போட்டிருக்கிறார், கொல்லைக்காட்டைச் சுற்றி ரெண்டு வரிசை மக்காச்சோளம். குழம்பு மட்டும் அவருக்கு இன்னும் கைவரவில்லை. ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் தப்பித்தீர்கள்.

நான் பெரம்பலூர் ஆபீசில் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்து, எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று வரைபடம் போடுகிற அதே வேலை. அந்தப் படத்தை முதன்முதலில் உங்களுக்குக் காட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா?

"என்னா இது, ஊரே செவப்பா கெடக்கு? பச்சையக் காணோமே" என்றீர்கள்.

நான் படித்த படிப்பை எல்லாம் அன்றைக்கே உங்கள் தலையில் கொட்டினேன். இலை பச்சை வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது, அதனால் நம் கண்ணுக்குப் பச்சை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அதைவிடப் பல மடங்கு திருப்பி அனுப்புகிறது. அகச்சிவப்பு என்று பெயர். செயற்கைக்கோள் அதைப் பிடித்துவிடும். திரையில் அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறோம். செழிப்பான பயிர் ரத்தச் சிவப்பாகத் தெரியும், வாடினால் மங்கும், அரியலூர் சுண்ணாம்புக்கல் குழிகள் வெளுத்துக் கிடக்கும்.

நீங்கள் ஒரு ஏரியின் மேல் விரலை வைத்து, இங்கே யார் விவசாயம் செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். அந்த இடம் நல்ல சிவப்பு. பசுமை நன்றாக இருக்கிறது என்று நான் அறிக்கையே எழுதி வைத்திருந்தேன். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், அது முழுக்கச் சீமைக் கருவேலம் என்று. அந்த அறிக்கையைக் கிழித்துப்போட்டேன்.

மேலே இருந்து பார்க்கும் கருவிக்கு வெளிச்சம் தெரியும், பெயர் தெரியாது. பெயர் சொல்ல ஆள் வேண்டும். ஒரு நிலத்தில் நின்று, போனில் இடத்தைக் குறித்து, பயிரின் பெயரை எழுதி, படம் எடுத்து அனுப்பினால், கம்ப்யூட்டர் அதை வைத்து மற்ற நிலங்களை அடையாளம் கண்டுகொள்ளும். அந்த வேலைக்குத்தான் உங்களைச் சேர்த்துவிட்டேன். படத்தின் ஒவ்வொரு கட்டமும் தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஓரத்தில் நின்றால் பக்கத்துப் பயிரின் வெளிச்சம் வந்துவிடும், நடுக்கொல்லைக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

வெங்காயக் கொல்லையில் நம் ஊரில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. நீங்கள் வரப்பில் செருப்பை விட்டுவிட்டு, பாத்தி மிதிபடாமல் நடுவில் போய் நிற்பீர்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்து, சீக்கிரம் வாருங்கள் என்று நச்சரிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன் அண்ணி. மூன்று வருசமாக இதைத்தான் எழுதாமல் இருந்தேன்.

உங்களுக்குச் சிறுவாச்சூர் கோயிலில் மாவிளக்குப் போடும் வேண்டுதல். வேலைக்கோ அதுதான் கடைசி நாள், முப்பது கொல்லை மீதி. நான் முடித்துவிடுகிறேன் என்று உங்கள் போனை வாங்கிக்கொண்டு போனேன். முந்தின நாள் மழை, கரிசல் மண் களியாகக் கிடந்தது. காலில் புது வெள்ளை ஷூ. அதைக் கழற்ற மனசு வரவில்லை. முப்பது இடத்திலும் வரப்போரம் நின்றேன். நின்றது ஓரத்து மக்காச்சோள வரிசைக்குள், எழுதியது நடுவில் இருந்த வெங்காயத்தின் பெயரை.

கம்ப்யூட்டர் நான் சொன்னதை நம்பியது. வரைபடம் வந்தபோது அந்த வட்டாரத்தில் மக்காச்சோளமே இல்லை, எங்கு பார்த்தாலும் வெங்காயம். மேலதிகாரி, குன்னம் பக்கம் போனது யார் என்று கேட்டார். எல்லாப் புள்ளியும் உங்கள் போனிலிருந்து, உங்கள் பெயரில் வந்திருந்தது.

"அண்ணிதான் போனாங்க சார்" என்றேன்.

அடுத்த பருவத்தின் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொங்கலுக்கு நான் வந்தபோது, எனக்குப் பிடிக்கும் என்று ஒரு கூடை வெங்காயம் எடுத்து வைத்திருந்தீர்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். மாசியில் மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள், இரண்டே நாளில் நீங்கள் இல்லை.

போன மாதம் பழைய புள்ளிகளைச் சரிபார்க்கும் வேலை வந்தது. உங்கள் படங்களைத் திறந்தேன். பயிரைக் குனிந்து எடுத்ததால், ஒவ்வொரு படத்தின் அடியிலும் மண் ஒட்டிய உங்கள் கால்விரல்கள், மெட்டியோடு. நூற்றுக்கணக்கான படங்கள், எல்லாவற்றிலும் மெட்டி. முப்பதில் மட்டும் வெள்ளை ஷூவின் நுனி. ஆபீசில் உட்கார்ந்து அழுதேன்.

முப்பதையும் அச்செடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்து, இது என் கால் என்று சொன்னேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"அவங்க இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தவறு யாருடையது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புது வரைபடத்தின் ஓரத்தில், களப்பணி செய்தவர்கள் வரிசையில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறது. அதன் ஒரு பிரதியோடு அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெங்காயத்தாளைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"அவளுக்கு அப்பவே தெரியும். போனத் திருப்பிக் குடுத்தீல்ல, அன்னிக்கே படத்தப் பாத்துட்டா. கேக்கலாமேன்னேன். வேணாங்க, எனக்குக் கொல்லை இருக்கு, அவளுக்கு அந்த வேலை மட்டுந்தானே இருக்குன்னுட்டா."

அண்ணி, அந்தக் கூடையை என் கையில் கொடுத்தபோது உங்களுக்கு எல்லாம் தெரியுமா? தெரிந்தேவா, பெருசு பெருசாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தீர்கள்?

நேற்று அந்த முப்பது கொல்லைக்கும் மறுபடி கிளம்பினேன். முதலில் நம் கொல்லை. வரப்பில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். மண் சில்லென்று இருந்தது. நடுவில் நின்று, குனிந்து, படம் எடுத்தேன். இன்னும் இருபத்தொன்பது பாக்கி. எந்தக் கொல்லைக்குப் போனாலும், படத்தின் அடியில் என் கால்விரல்கள் இருக்கும் அண்ணி. வேண்டுமானால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெறுங்காலோடு நிற்கும்
உங்கள் நாத்தனார்